அணி தோற்ற மறுநாள் காலை

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. 2025 ஐபிஎல் பருவத்தில் சென்னை அணி கடைசி இடத்துக்குப் போனதிலிருந்து அவருக்கு அலுவலகம் செல்வதே கசக்கிறது. பக்கத்து இருக்கை நண்பர் பெங்களூரு அணியின் ரசிகர். அவர் ஜூன் 4 காலையில் அலுவலகம் முழுவதற்கும் இனிப்பு வழங்கியபோது இவர் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. போதாததற்கு, உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த நண்பரின் பெயர் வந்துவிட்டது; துறைத் தேர்வில் ஒரு தாள் பாக்கி இருப்பதால் இவர் பெயர் வரவில்லை. சென்ற டிசம்பரில் எழுதித் தேறவில்லை. மே மாதத்துக்கு விண்ணப்பித்தும் எழுதப் போகவில்லை. “கிரிக்கெட் பார்ப்பதையே விட்டுவிட்டால் மனம் உறுதிப்படுமா? தோல்வியைத் தாங்கும் மனத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

விட வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்று சொல்வதற்கு முன், இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதைத் தெரிவித்துவிடுகிறேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, தஞ்சாவூர் என்று மாறி மாறிக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். அதைவிட நீண்ட காலமாகத் தோற்கும் அணி ஒன்றின் ரசிகன். உங்கள் அணி உங்களுக்கு 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகளைக் கொடுத்திருக்கிறது. என் அணி தமிழ்நாட்டின் ரஞ்சி அணி. அது 1954-55இல் ஒரு முறை, 1987-88இல் ஒரு முறை கோப்பையை வென்றது. அதன் பிறகு வென்றதே இல்லை. இடையில் இறுதிப் போட்டி வரை வந்து தோற்ற பருவங்கள் பல இருக்கின்றன. அவற்றில் 1995-96, 2014-15 ஆகிய இரண்டிலும் தோற்றது கர்நாடகத்திடம். காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்தியை வானொலியில் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அணியைப் பற்றி எழுதும்போது, “நாம் பத்தாவது இடத்துக்குப் போய்விட்டோம்” என்கிறீர்கள். தேர்வைப் பற்றி எழுதும்போது, “ஒரு தாள் நின்றுவிட்டது” என்கிறீர்கள். மைதானத்தில் கால் வைக்காத ஆட்டத்துக்குத் தன்மைப் பன்மை வருகிறது; நீங்களே பேனா பிடித்து எழுத வேண்டிய தேர்வுக்கு ‘நான்’ என்ற சொல்லே இல்லை, அந்தத் தாள் தானாகவே எங்கோ போய் நின்றுகொண்டதைப் போல. நம் பேச்சில் இது வழக்கம்தான், குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்கான விடையில் பாதி இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த ‘நாம்’ என்ற சொல்லை ஆராய்ச்சியாளர்களும் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைகளில் மாணவர்களின் உடையைக் கவனித்தார்கள். சனிக்கிழமை நடந்த போட்டியில் தங்கள் பல்கலைக்கழக அணி வென்றிருந்தால் அதன் பெயரோ சின்னமோ பொறித்த சட்டைகள் அன்று கூடுதலாகத் தென்பட்டன. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்துக்கு ‘நாங்கள்’ என்பதும் தோற்ற ஆட்டத்துக்கு ‘அவர்கள்’ என்பதும் அதிகமாக வந்தன. நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் இதைத்தான் கேட்கிறோம்: வென்றால் “நாம ஜெயிச்சுட்டோம்”, தோற்றால் “அவனுங்க சொதப்பிட்டானுங்க”. ஆங்கிலத்தில் இல்லாத வசதி ஒன்று தமிழுக்கு உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார், ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். நீங்கள் பத்தாவது இடத்துக்குப் போன பிறகும் ‘நாம்’ என்றே எழுதுகிறீர்கள். வெற்றியில் மட்டும் மஞ்சள் சட்டை போடுகிற கூட்டத்தில் நீங்கள் சேரவில்லை. அது நல்ல குணம், அதை மாற்றிக்கொள்ளச் சொல்லும் அறிவுரை எதையும் கேட்காதீர்கள். அந்த ‘நாம்’ தேர்வுத் தாள் பக்கம் வராமல் போனதுதான் சிக்கல்.

தோல்வி மறுநாள் வரை தொடர்வது உங்களுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. உலகக் கோப்பைக் கால்பந்தின் வெளியேற்றச் சுற்றில் ஒரு நாடு தோற்றால், மறுநாள் அந்த நாட்டின் பங்குச் சந்தை வழக்கத்தைவிடச் சராசரியாக அரை சதவீதம் அளவுக்குச் சரிகிறது என்று எட்மன்ஸ், கார்சியா, நார்லி ஆகிய மூவர் 2007இல் எழுதினார்கள். வென்ற மறுநாள் அதற்கு ஈடான ஏற்றம் எதுவும் தெரியவில்லை என்பதுதான் அதில் சுவையான செய்தி. கோடிக்கணக்கில் புரளும் சந்தைக்கே இந்த நிலை என்றால், தபால் பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளருக்குக் கை ஓடாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு நினைவிருக்கும் மறுநாள் காலைகளில் மிகவும் கனமானது 1999 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. முந்தைய நாள் சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கைத் துரத்தினோம். முதுகு வலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 ரன்னில் ஆட்டமிழந்தபோது மூன்று விக்கெட் மீதமிருந்தது, தேவை 17 ரன். அந்த மூன்றும் நான்கே ரன்னுக்குள் விழுந்து, 12 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். அப்போது நான் கும்பகோணத்தில் இருந்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளாளுக்குக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டோமே தவிர, பதினொன்றரை மணி வரை ஒரு தாள்கூட அசையவில்லை. டபராவில் ஆற்றாமல் விட்ட காபியின் மேல் ஆடை படிந்து கிடந்தது. அப்போது, சீட்டு வாங்கிக்கொண்டு கடைசி நாள் ஆட்டத்தை நேரில் பார்க்கச் சென்னை போயிருந்த எங்கள் அலுவலக உதவியாளர், இரவுப் பேருந்தில் திரும்பியவர், அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுக்க வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் எங்களிடம் இருந்த இருட்டு இல்லை. “தோத்ததும் அஞ்சு நிமிஷம் சத்தமே இல்ல சார். அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு அவங்களுக்குக் கை தட்டினோம். அவங்க மைதானத்தைச் சுத்தி வந்தாங்க” என்றார். சேப்பாக்கத்துக் கூட்டம் அன்று எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதை உலகமே பிறகு பேசியது. எனக்கு அந்த நேரத்தில் உறைத்தது வேறு. அவருக்கு அந்தத் தோல்வியில் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது, எழுந்து நின்று கைதட்டுவது. அதைச் செய்துவிட்டு வந்திருந்தார். எங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை, அதனால்தான் நாங்கள் அப்படி உறைந்து கிடந்தோம்.

நீங்கள் டெல்டாக்காரர் என்பதால் இதைப் புரிந்துகொள்ள வெளியூர் உதாரணம் தேவையில்லை. நம் கையில் இல்லாத ஒரு ஸ்கோரைத் தினமும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம்: மேட்டூர் அணையின் நீர்மட்டம். மொத்தம் 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, வழக்கமான திறப்பு ஜூன் 12. இவை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த எண்கள். என் தந்தையார் நாளிதழை வாங்கியதும் முதலில் திருப்புவது அந்த மூலையைத்தான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அணை ஜூன் 12இல் திறக்கவில்லை. 2017இல் அக்டோபர் 2 வரை போனது. எட்டுப் பருவம் தோற்ற அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு ஆண்டும் விவசாயி என்ன செய்தார் என்பதை நீங்களும் உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். நீர்மட்டத்தைப் பார்க்காமல் இருக்கவில்லை. பார்த்தார், திட்டினார், தேநீர்க் கடையில் குடகு மழையைப் பற்றி வானிலை நிபுணரைப் போல் பேசினார். ஆனால் கோடை மழை பெய்த அன்று உழவை ஓட்டி வைத்தார். ஆழ்துளைக் கிணறு உள்ளவர் நாற்றங்கால் விட்டார். இல்லாத கடைமடைக்காரர் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். தண்ணீர் மேலும் தள்ளிப்போகும் என்று தெரிந்ததும், நூற்று ஐம்பது நாளுக்கு மேல் வயலில் நிற்கும் சி.ஆர். 1009 நெல்லை விட்டுவிட்டுக் குறைந்த நாள் இரகத்துக்கு மாறினார். பார்ப்பது ஒரு வேலை, செய்வது ஒரு வேலை. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் நடந்தன. பார்ப்பதை நிறுத்தினால்தான் செய்ய முடியும் என்று எந்த விவசாயியும் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

2018ஆம் ஆண்டை இங்கே சொல்லாமல் நகர முடியாது. விசுவாசம், தண்ணீர், சேதம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்த ஆண்டு அது. பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்து, தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஆறு வாரத்துக்குள் ஓர் ஏற்பாட்டைச் செய்யுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆறு வாரம் ஓடியது, ஏற்பாடு வரவில்லை. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை அணி திரும்பி வந்த பருவமும் அதுவே. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும்போது வெளியே போராட்டம் நடந்தது, உள்ளே ஆட்டக்காரர்கள் இருந்த பக்கம் காலணி பறந்தது. மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. அப்போது நான் மன்னார்குடியில் இருந்தேன். என் பிரிவில் ஒருவர் பகல் முழுவதும் சட்டையில் கறுப்புப் பட்டை குத்தியிருந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் அதே சட்டையோடு அலைபேசியில் ஸ்கோர் பார்த்தார். இது முரண் என்று சிலர் அவரைச் சீண்டினார்கள். எனக்கு முரணாகத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதற்காகக் குத்திய பட்டை அது. தோனி சிக்ஸர் அடிக்க வேண்டும் என்பது இன்னொரு ஆசை. ஒன்றின் பெயரால் இன்னொன்றை அடித்து நொறுக்காதவரை இரண்டுக்கும் ஒரு நெஞ்சில் இடம் இருக்கத்தான் செய்கிறது. மே 27 அன்று மும்பையில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ரன் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். ஜூன் 1இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. ஜூலை 19இல் மேட்டூர் திறந்தது. அணை நிரம்பி வழிந்து, ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. தண்ணீர் கடலுக்குப் போனபோது கடைமடை வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது.

என் மைத்துனருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. நூற்று நாற்பது மரங்களில் பதினொன்று மட்டும் நின்றன. அரசு நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாய். பணத்தைவிட, மரத்தை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்காததுதான் அந்த மாதங்களில் எல்லோருக்கும் இருந்த பாடு. நான் போன இரண்டு முறையும் அவர் புயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரம்பத்துக்கு யாரிடம் சொல்லி வைத்திருக்கிறார், கன்று எங்கே வாங்கப் போகிறார் என்பதை மட்டும் சொன்னார். மனிதருக்கு எவ்வளவு உறுதி என்று நான் வியந்தேன். என் தங்கை, “உறுதியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, ராத்திரி தூங்கறதே இல்ல” என்றாள்.

2019 மே 12 அன்று இரவு நான் அங்கேதான் இருந்தேன். ஐதராபாத்தில் இறுதிப் போட்டி, மும்பை எடுத்தது 149. கால்சட்டையின் முழங்காலில் இரத்தம் ஊற வாட்சன் 80 ரன் எடுத்துக் கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்பட, மலிங்கா வீசியது ஷர்துல் தாக்கூரின் காலில் பட்டது. ஒரு ரன்னில் தோல்வி. என் மைத்துனர் தரையில் ஓங்கி அறைந்து போட்ட கூச்சலில் திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. நூற்று இருபத்தொன்பது மரம் விழுந்தபோது வராத சத்தம் அது. பிறகு கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தங்கை, “விடுங்கண்ணே, இருந்துட்டு வரட்டும்” என்றாள். தனக்கு நேர்ந்த இழப்புக்கு அழ முடியாதவர்கள் யாரோ பதினொரு பேருக்கு நேர்ந்ததற்கு அழுதுவிட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். விளையாட்டு ரசனை வீண் என்று யாராவது என்னிடம் சொன்னால், எனக்கு அந்தக் கொல்லைப்புறம்தான் நினைவுக்கு வரும். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

இனி அலுவலகம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் தோல்வியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்கு மட்டும் உரியதல்ல, அதைச் செய்து பட்டவன் நான். 2003இல் தணிக்கைத் தடை ஒன்றுக்காக என் மேல் 17(ஏ) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான விளக்கம் கேட்கும் தாள், வந்தது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். தவறு பாதி என்னுடையது, பாதி எனக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவருடையது. அந்தப் பாதியைத்தான் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேண்டீனில் சொன்னேன், பேருந்தில் சொன்னேன், கருவூலத்துக்குப் பட்டியல் கொண்டுபோன இடத்தில் சொன்னேன். பத்தாம் நாள், எங்கள் கண்காணிப்பாளர் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பி, ஆட்டம் முடிஞ்சு பத்து நாளாச்சு. நீங்க இன்னும் கமெண்ட்ரியே சொல்லிக்கிட்டு இருக்கீங்க. பதில் எழுதியாச்சா?” என்றார். எழுதவில்லை. அன்று மாலை அவரே உட்கார்ந்து, பழைய பதிவேட்டில் எந்தப் பக்கத்தின் நகலை இணைக்க வேண்டும் என்று காட்டினார். தண்டனை முழுவதும் நீங்கிவிடவில்லை. ஊதிய உயர்வு ஆறு மாதம் நின்றது. ஆனால் அந்தக் குறிப்பாணையைப் பற்றி அதன் பிறகு நான் யாரிடமும் வர்ணனை செய்ததாக நினைவில்லை. எழுதி அனுப்பிவிட்டதால் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

மனவுறுதி தனியாளின் சொத்து என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. “வளர்த்துக்கொள்வது” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் கிரிக்கெட்டைவிடக் கபடி உங்களுக்கு நல்ல ஆசிரியர். தஞ்சாவூர் மன்னார்குடி சாலையில் இருக்கும் வடுவூரில் ஒரு மாலை நின்று பாருங்கள். பறவைகள் சரணாலயத்துக்குப் பெயர் பெற்ற அந்த ஊரில் கபடி எத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது என்பது தெரியும். அந்த ஆட்டத்தில் அவுட்டானவர் வீட்டுக்குப் போவதில்லை. பின்கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார். தன் அணியைச் சேர்ந்த இன்னொருவர் எதிரியில் ஒருவரை அவுட்டாக்கினால், வரிசையில் முதலில் வெளியேறியவர் முதலில் உள்ளே வருகிறார். எவ்வளவு பெரிய ரைடராக இருந்தாலும் தன்னைத் தானே உயிர்ப்பித்துக்கொள்ள அவரால் முடியாது. அடுத்தவர் எடுக்கும் புள்ளியில்தான் அவர் மீள்கிறார். ஏழு பேரும் அவுட்டாகிவிட்டால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி, அதோடு ஏழு பேரும் மறுபடி களத்துக்குள். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், கூப்பிட்டவுடன் எழுந்து போகும் நிலையில் இருப்பது. என் குறிப்பாணைக் கதையில் அந்தப் புள்ளியை எடுத்துக் கொடுத்தவர் கண்காணிப்பாளர் அம்மையார்.

கிண்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகக் கிண்டலுக்கு ஆயுள் ஒரு வாரம். பதில் சொன்னால் இரண்டு வாரம். பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது உங்கள் அலுவலகத்திலும் இருந்தால் அதிலிருந்து மட்டும் விலகி நில்லுங்கள். பணம் வந்தபின் அது விசுவாசமாக இருப்பதில்லை, கடனாகிவிடுகிறது. தோற்ற ஆட்டக்காரரின் மனைவியையும் குழந்தையையும் இணையத்தில் வைது எழுதுகிறவர்களோடும் சேராதீர்கள்.

உங்கள் பெங்களூரு நண்பரைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்வேன். காவிரி டெல்டாவில் பிறந்து அந்த அணிக்கு ரசிகராக இருப்பது எளிய காரியமாக இருந்திருக்காது. ‘தண்ணீர் தராதவனுக்குக் கைதட்டுகிறான்’ என்ற பேச்சை அவர் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள், அதில் சில முறை உங்கள் வாயிலிருந்தும் வந்திருக்கலாம். அவருடைய அணி 2009, 2011, 2016 ஆகிய மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றது. 2011இல் தோற்றது சேப்பாக்கத்தில், உங்கள் அணியிடம். 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் உங்கள் அணியை அவர்கள் மறுபடி வென்றதே 2025 மார்ச் 28இல்தான். ஜூன் 3 அன்று பஞ்சாபை ஆறு ரன்னில் வென்று பதினெட்டாவது பருவத்தில் முதல் கோப்பையைத் தொட்டார்கள். அடுத்த நாள் மாலையே பெங்களூரு மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். காலையில் இனிப்புக் கொடுத்தவர் அன்றிரவு எந்த மனநிலையில் வீட்டுக்குப் போனார் என்று நீங்கள் கேட்டீர்களா?

பதினேழு பருவம் தோற்றுக்கொண்டிருந்த அணியை நெஞ்சில் வைத்துக்கொண்டே அவர் துறைத் தேர்வுகளை எழுதித் தேறியிருக்கிறார் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதனால் கிரிக்கெட் மேல் பழி போடுவது பொருந்தவில்லை. மே மாதத் தேர்வும் ஐபிஎல்லும் ஒரே காலத்தில் வருவது உங்களுக்குத் தொல்லை என்றால் அதை ஒப்புக்கொண்டு டிசம்பர் தேர்வைக் குறி வையுங்கள். அப்போது ஐபிஎல் இல்லை. நூல்களைப் பார்த்து எழுத அனுமதிக்கும் தாள்களில் பலர் தவறுவது விடை தெரியாததால் அன்று. எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவதற்குள் தேர்வு நேரம் தீர்ந்துவிடுகிறது. அந்தத் தாளில் தேறியவர் ஒவ்வொருவரிடமும் ஓரங்களில் காகிதத் துண்டு ஒட்டி, பென்சிலால் தலைப்பு எழுதிய பழைய புத்தகம் ஒன்று இருக்கும். உங்கள் நண்பரிடமும் இருக்கும். வாங்காமல் விட்ட இனிப்புக்குப் பதிலாக இந்த வாரம் அவரைக் காபிக்கு அழைத்துப் போங்கள்; திரும்பி வரும்போது அந்தப் புத்தகத்தைக் கேளுங்கள்.